படித்தால் போதுமா? பொருள் விளங்க வேண்டாமா?

வடமதுரைக் கடைவீதியில் ஒரு மாலை நேரம். பஞ்சாலையில் ஷிப்டு முடித்து வந்த தோழர்கள் தேநீர்க் கடைப் பெஞ்சில் அமர்ந்திருந்தனர். தலைமுடியில் பஞ்சுத் துகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. திருச்சிக்குப் போகும் பஸ்ஸும் திண்டுக்கல்லுக்குப் போகும் பஸ்ஸும் எதிரெதிரே கடந்துகொண்டிருந்தன. கூட்டம் தொடங்க இன்னும் அரை மணி இருந்தது. நாமும் ஒரு தேநீர் சொல்லிவிட்டு அவர்களோடு உட்கார்ந்தோம்.

தோழர் ஒருவர் தம் மகனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பத்தாம் வகுப்பு படிக்கும் பையன். "அண்ணே, இவன் இங்கிலீசு எப்படி வாசிக்கிறான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க" என்றார். அந்த முகத்திலே பூரிப்பு! ஆலையிலே பாவு நூலோடு பாவாய்த் தேய்ந்த அந்த மனிதருக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. தமக்குக் கிட்டாத ஒன்று தம் பிள்ளைக்குக் கிட்டிவிட்டது என்ற பூரிப்பு.

பையன் தேர்வுத் தாளை விரித்தான். கலங்கரை விளக்கத்தைப் பற்றிய பத்து வரி உரைப்பகுதி. புயல் வீசும் இரவு, விளக்கைக் காப்பவர் காய்ச்சலில் கிடக்கிறார், அவருடைய மகள் ஏறிப்போய் விளக்கேற்றுகிறாள், கப்பல் தப்புகிறது. இதுதான் கதை. தடங்கல் இல்லாமல், தயக்கம் இல்லாமல் வாசித்தான். பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டினர். கீழே 5 கேள்விகள். 5 விடைகளும் எழுதியிருந்தான். ஐந்துக்கு ஐந்து மதிப்பெண், சிவப்பு மையில்.

"தம்பி, அந்தப் பெண் ஏன் மேலே ஏறிப் போனாள்?" என்று கேட்டோம்.

பையன் விழித்தான். "பெண்ணா? இதுல ஒரு பொண்ணு வருதாண்ணே?" என்றான்.

தோழர்களே, தேள் கொட்டியதுபோல இருந்தது நமக்கு. "பிறகு எப்படியப்பா விடை எழுதினாய்?" என்று கேட்டோம். மறைக்காமல் சொன்னான். கேள்வியில் இருக்கிற சொல்லை மேலே உள்ள உரைப்பகுதியில் தேட வேண்டும். அந்தச் சொல் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியை அப்படியே எடுத்து எழுதிவிட வேண்டும். விளக்கு என்ற சொல் கேள்வியில் இருந்தால், விளக்கு என்ற சொல் உள்ள வரி. கப்பல் என்ற சொல் இருந்தால், கப்பல் உள்ள வரி. வரி சரியாக இருந்தால் மதிப்பெண். கதை தெரிய வேண்டியதில்லை. பெண் யார், பிணியாளர் யார் என்று அறிய வேண்டியதில்லை!

தந்தை நம் முகத்தைப் பார்த்தார். "என்னண்ணே, தப்பா வாசிச்சிட்டானா?" என்று மெல்லக் கேட்டார். "இல்லை, நன்றாகத்தான் வாசித்தான்" என்றோம். அதிலே பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் அதுவல்லவே!

குற்றம் யாருடையது?

பையனைக் குறை கூறமாட்டோம். கொடுத்த வேலையைக் கொடுத்தபடி செய்தவன் அவன். ஆசிரியரைப் பழிக்கவும் மாட்டோம். வகுப்பு நிறையப் பிள்ளைகள், வாரம் தவறாமல் அறிக்கைகள், ஆண்டு முடிவிலே தேர்ச்சி விழுக்காடு எவ்வளவு என்ற ஒரே கேள்வி. இத்தனைக்கும் நடுவே பின்தங்கிய பிள்ளையையும் கரையேற்ற ஒரு வழியைக் கண்டுபிடித்தார் அவர். 2019-20 கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தின் இரண்டு தாள்கள் ஒரே தாளாயின. மூன்று மணி நேரத்தில் 100 மதிப்பெண். பாடம், செய்யுள், இலக்கணம், கடிதம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதிலே ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கிறது, படித்துப் பொருள் உணரும் பகுதி.

எனவே குற்றம் ஆளில் இல்லை; அளவுகோலில் இருக்கிறது. வரியைப் பெயர்த்தெழுதினாலே மதிப்பெண் கிடைக்கும்படி கேள்வி கேட்டுவிட்டு, பிள்ளைக்குப் பொருள் விளங்கவில்லையே என்று அங்கலாய்த்து என்ன பயன்?

நம் திண்டுக்கல்லுக்குப் பேர் வாங்கித் தந்தது பூட்டு. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு செய்யும் பட்டறைத் தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். சாவியைக் கையில் வைத்திருப்பவன் ஒரு பூட்டைத் திறப்பான். லீவர் எப்படி எழுகிறது, சாவியின் பல் எங்கே பிடிக்கிறது என்று பூட்டின் உட்புறம் அறிந்தவனோ எந்தப் பூட்டுக்கும் சாவி செய்வான். மனப்பாடம் செய்த விடை ஒரே ஒரு சாவி. தேர்வு மண்டபத்துக் கதவை அது திறக்கும். அந்தக் கதவுக்கு அப்பால் நூறு கதவுகள் இருக்கின்றனவே, அவற்றுக்கு?

ஒரு சொல்லுக்காக நடந்த வாதம்

"இங்கிலீசு நமக்கு எதற்கு? தமிழ் இருக்கும்போது அதைப் பற்றி இத்தனை கவலையா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறோம்.

இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று 1959இல் நாடாளுமன்றத்தில் நேரு உறுதி கூறினார். 1963இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1965க்குப் பிறகும் ஆங்கிலம் தொடர்வதைப் பற்றிப் பேசிய பிரிவிலே ஓர் ஆங்கிலச் சொல் உட்கார்ந்திருந்தது. 'மே' என்ற சொல். சின்னஞ்சிறு சொல். மேலோடு வாசித்தவர்கள் கடந்து போயிருப்பார்கள். மாநிலங்கள் அவையில் இருந்த அறிஞர் அண்ணா கடந்து போகவில்லை. 'மே' என்றால் தொடரலாம் என்று பொருள். தொடரலாம் என்றால், தொடராமலும் போகலாம் அல்லவா? ஆகவே 'ஷல்' என்று எழுதுங்கள். தொடர வேண்டும் என்று கட்டாயமாக எழுதுங்கள் என்று வாதாடினார்.

அன்று அந்தச் சொல் மாறவில்லை. 1965 சனவரியில் தமிழகம் கொந்தளித்தது. மாணவர்கள் வீதிக்கு வந்தனர், துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்கள் போயின. 1967 இறுதியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையிலான தொடர்புக்கு ஆங்கிலம் பயன்பட வேண்டும் என்று அந்தத் திருத்தம் கூறியது. அந்த இடத்திலே இருக்கும் சொல், 'ஷல்'!

தோழர்களே, படித்துப் பொருள் உணர்தல் என்று பள்ளிக்கூடத்திலே எதைச் சொல்கிறார்களோ, அதுதான் அன்று அந்த அவையிலே நடந்தது. வரியைப் பெயர்த்தெழுதும் வித்தை அறிந்தவருக்கு 'மே'யின் ஆபத்து தெரிந்திருக்குமா? சொல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, எதற்கு இடம் வைக்கிறது என்று பார்த்தவருக்குத்தான் தெரிந்தது. நாட்டின் ஒரு பகுதி மக்களின் எதிர்காலமே அந்த ஒரு சொல்லில் தொங்கியது.

1968 சனவரி 23 அன்று தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. தமிழ் நம் உயிர். ஆங்கிலம் நம் கருவி. கேட்டுப் பெற்ற கருவி அது. குருதி சிந்திக் காத்த கருவி அது. ஆலைத் தொழிலாளியின் பிள்ளை கையிலே அது துருப்பிடித்துக் கிடக்க, காசுள்ளவன் பிள்ளை கையிலே மட்டும் அது பளபளக்குமானால், அந்தப் போராட்டத்தின் பலனில் பாதியை நாம் இழந்தவர்களாவோம்.

ஆலை வாசலில் ஒரு பலகை

தொழிலாளத் தோழருக்கு இதனால் என்ன என்று பார்ப்போம். 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. வேலை நேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை ஆகிய விதிகளை ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர் அறிந்த மொழியிலும் எழுதி, அவர்கள் நுழையும் வாசலருகே பலகையில் வைக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. 100 பேர் வேலை செய்யும் ஆலைக்கு அந்தச் சட்டம் பொருந்தும் என்று இருந்தது. அதன் இடத்துக்கு 2020இல் நிறைவேறிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு வந்தது. 2025 நவம்பர் 21 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது, அந்த 100 என்பது 300 ஆகிவிட்டது. ஒரே ஓர் எண்தான் மாறியது! ஆனால் 150 பேர் வேலை செய்யும் ஆலையிலுள்ள தோழருக்கு அந்த எண்ணிலே எவ்வளவு அடங்கியிருக்கிறது!

சட்டம் ஆங்கிலத்தில் வருகிறது. கடன் பத்திரம், காப்பீட்டு ஒப்பந்தம், வெளிநாட்டு வேலைக்கான உடன்படிக்கை ஆகியவையும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. அங்கெல்லாம் கேள்வித்தாள் இல்லை. எந்த வரியைத் தேட வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும் சொல்லும் இல்லை. கையெழுத்துப் போடும் இடத்திலே ஒரு பெருக்கல் குறி மட்டும் இருக்கிறது. அங்கே ஏமாந்தால் மதிப்பெண் குறையாது; வாழ்வே குறையும்.

"கைப்பேசியே இப்போது மொழிபெயர்த்துத் தருகிறதே!" என்பர் சிலர். தரட்டும், நல்லதுதான். ஆனால் 'மே'யை 'ஷல்' என்று அது மொழிபெயர்த்துவிட்டால், தவறு என்று சொல்ல ஒருவர் வேண்டாமா? தராசு கடைக்காரனுடையது, எடையைச் சரிபார்க்கும் கண் நம்முடையதாக இருக்க வேண்டாமா?

இன்னொன்று. வடமதுரையில் பஸ் ஏறி, அய்யலூர், வையம்பட்டி, மணப்பாறை கடந்து அதே சாலையில் போனால், திருச்சியை நெருங்கும்போது நவலூர் குட்டப்பட்டு வரும். அங்கே சாலையோரத்திலேயே இருக்கிறது, 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம். நம் ஊர்ச் சாலையின் மேலேயே இருக்கும் அதன் இளநிலைப் படிப்பிலே சேரக் 'கிளாட்' என்ற தேர்வு எழுத வேண்டும். முழுவதும் ஆங்கிலம். 120 நிமிடத்தில் 120 கேள்விகள். ஏறத்தாழ 450 சொற்கள் வரை நீளும் உரைப்பகுதிகளைப் படித்து, அவற்றிலிருந்தே விடை காண வேண்டும். மனப்பாடம் அங்கே செல்லாது. வரியைத் தேடும் தந்திரமும் செல்லாது. நம் பஞ்சாலைத் தோழரின் மகன் வழக்கறிஞராக வேண்டாமா? மகள் நீதிபதியாக வேண்டாமா? சாலை ஒன்றுதான். பஸ் கட்டணமும் பெரிதல்ல. நடுவே நிற்கும் பூட்டுதான் பெரிது!

கொரியா காட்டும் பாடம்

நாம் மட்டுமா இந்தப் பூட்டின் முன் நிற்கிறோம்? நம்மைப்போலவே தாய்மொழியை உயிராகக் கருதும் கொரியாவைப் பாருங்கள். 1446இல் மக்களுக்கென்றே தனி எழுத்தை வெளியிட்டான் அந்நாட்டு மன்னன் செஜோங். 1938இல் ஜப்பானிய ஆதிக்கம் கொரியப் பள்ளிகளில் கொரிய மொழியைக் கட்டாயப் பாடத்திலிருந்து நீக்கியது. அதே 1938இல்தான் சென்னை மாகாணத்துப் பள்ளிகளில் இந்தி கட்டாயமாயிற்று. நம் முன்னோர் சிறை சென்றனர். எங்கோ இருக்கும் இரு நாட்டு மக்களுக்கு ஒரே ஆண்டிலே எத்தனை ஒத்த சோதனை!

விடுதலைக்குப் பிறகு கொரியர்கள் எல்லாப் பாடத்தையும் தம் மொழியிலே கற்றனர். ஆங்கிலத்தைக் கருவியாகக் கைக்கொண்டனர். 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் கொரிய நிறுவனத்திலே, கொரியப் பொறியாளரும் நம் தமிழ்ப் பையனும் பேசிக்கொள்வது எந்த மொழியில்? இருவருக்கும் சொந்தமல்லாத ஆங்கிலத்தில்தான்.

ஆண்டுதோறும் நவம்பரில் தென் கொரியாவில் 'சுனுங்' என்ற பல்கலைக்கழகத் தேர்வு நடக்கிறது. ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடையளிக்கும் நேரத்தில், ஓசை இடையூறாக இருக்கக்கூடாது என்று விமானங்களையே நிறுத்தி வைக்கிறார்கள்! அந்தத் தாளில் 70 நிமிடத்துக்கு 45 கேள்விகள். 17 கேள்விகள் கேட்டு எழுத. 28 கேள்விகள் படித்துப் பொருள் உணர. ஒரு நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, தன் பிள்ளைகள் படிப்பது விளங்க வேண்டும் என்று. அந்த அக்கறையைப் பாராட்டுகிறோம்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. பள்ளி முடிந்தபின் தனிப்பயிற்சிக் கூடம். அதற்குக் கொட்டிக் கொடுக்கப் பணம். முதல் வரியைப் பார், கடைசி வரியைப் பார், 'ஆனால்' என்ற சொல்லைப் பார், விடையைக் குறி என்று அங்கேயும் தந்திரம் கற்கிறார்கள். தந்திரம் வளர வளரக் கேள்வியும் கடினமாகிறது. 2025 நவம்பர் தேர்வில் ஆங்கிலத்தில் முதல் தரம் பெற்றவர்கள் 3.11 விழுக்காட்டினர், 100 பேருக்கு 3 பேர்! 90 மதிப்பெண் எடுத்தால் முதல் தரம் என்ற முறை வந்தபின் இதுவே மிகக் குறைவு. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. தேர்வை நடத்தும் நிறுவனத்தின் தலைவர் டிசம்பரில் பதவி விலகினார்.

பாடம் என்ன? படிப்பதைத் தேர்வுக்காக மட்டும் பழக்கினால், கேள்வி எளிதாக இருந்தாலும் கேடு, கடினமாக இருந்தாலும் கேடு. எளிதானால் பிள்ளை வரியைப் பெயர்த்தெழுதுகிறது. கடினமானால் பணமுள்ளவன் தந்திரத்தை விலைக்கு வாங்குகிறான். இரண்டிலும் இழப்பவன் ஏழை. ஆகவே கொரியாவின் அக்கறையை எடுத்துக்கொள்வோம். அதன் பந்தயத்தை விட்டுவிடுவோம்.

படிப்பகம் எதற்கு இருக்கிறது?

அரசு செய்ய வேண்டியது உண்டு. 2022இல் தொடக்கப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. எழுத்துக் கூட்டி வாசிப்பதற்கு அது அடித்தளம், வேண்டியதுதான். அதற்கு மேலே கட்டடம் எழ வேண்டும். பாடநூலில் இல்லாத புதிய உரைப்பகுதியைக் கொடுங்கள். பெயர்த்தெழுத முடியாத கேள்வியைக் கேளுங்கள். "ஏன்?" என்று கேளுங்கள்; "அடுத்து என்ன நடந்திருக்கும்?" என்று கேளுங்கள். பிழையான ஆங்கிலத்தில் எழுதினாலும், பொருள் சரியென்றால் மதிப்பெண் தாருங்கள். இது நம் கோரிக்கை.

ஆனால் கோரிக்கை வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பது நம் இயக்கத்துக்கு வழக்கமா? இந்த இயக்கம் வளர்ந்தது எங்கே? மாளிகையிலா? படிப்பகத்திலே! முடிதிருத்தும் நிலையத்திலே! தேநீர்க் கடைப் பெஞ்சிலே! எழுத்தறிந்த ஒருவர் ஏட்டை உரக்கப் படித்தார். எழுத்தறியாத பத்துப் பேர் கேட்டனர். கேட்டதோடு விட்டார்களா? "அப்படின்னா என்னண்ணே? அவங்க ஏன் அப்படிச் சொன்னாங்க? இதுல நமக்கு என்ன?" என்று குடைந்தனர். அரசியல் அறிவு பிறந்தது. அதைவிட நல்ல பொருளுணர்வுப் பயிற்சி எந்தப் பள்ளியிலே உண்டு? நாம் அறிந்த வித்தைதான். அதைப் பிள்ளைகளுக்கு மாற்றித் தர வேண்டும், அவ்வளவுதான்.

இன்று பல ஊர்களில் படிப்பகம் பூட்டிக் கிடக்கிறது. பலகையிலே தலைவர் பெயர், உள்ளே ஒட்டடை. அதைத் திறவுங்கள். வாரத்தில் மூன்று நாள், மாலையில் ஒரு மணி நேரம். ஊரிலே கல்லூரி படித்த இளைஞர் இல்லாமலா போய்விட்டார்கள்? பெண்கள் இருந்தால் இன்னும் நன்று. அவர்களை நம்பி வீட்டார் பெண் பிள்ளைகளையும் அனுப்புவார்கள்.

முறையும் எளிது. ஆங்கில நாளேட்டிலிருந்து பத்து வரி. முதலில் பிள்ளை தனக்குள்ளே படிக்கட்டும். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்ன சொல்லியிருக்கிறது என்று தமிழிலே சொல்லட்டும். ஆம், தமிழிலே! தமிழில் சொல்ல முடிந்தால் பொருள் விளங்கிவிட்டது என்று பொருள். தெரியாத சொல்லை உடனே அகராதியில் தேட வேண்டாம். முன்னும் பின்னும் உள்ள சொற்களைக் கொண்டு ஊகிக்கட்டும். பிறகு அகராதியில் சரிபார்க்கட்டும். கடைசியாக, தாளிலே கேட்காத ஒரு கேள்வியைப் பிள்ளையே கேட்கட்டும். தவறினால் சிரிக்காதீர்கள். ஒருமுறை சிரித்தால், அந்தப் பிள்ளை மறுமுறை வாய் திறக்காது.

வெறும் ஏட்டு யோசனை என்று எண்ணிவிடாதீர்கள். அன்று வடமதுரையில், கூட்டத்துக்கு அழைக்கத் தோழர்கள் வந்து நின்றபோதும், ஐந்து நிமிடம் பொறுங்கள் என்றோம். அந்தப் பையனோடு ஒவ்வொரு வரியாக உட்கார்ந்தோம். விளக்கு யார் வைத்தது, காய்ச்சல் யாருக்கு, காற்று எப்படி அடித்தது என்று அவனே தமிழிலே சொல்லிக்கொண்டு போனான். பெஞ்சில் இருந்த தோழர்களும் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டனர். விடியும் வரை விளக்கு எரிந்தது என்ற கடைசி வரிக்கு வந்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்:

"அப்போ அந்தப் புள்ள ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லையாண்ணே?"

அந்தக் கேள்வி தாளில் இல்லை. அதற்கு மதிப்பெண் கிடையாது. விடை எந்த வரியிலும் எழுதியிருக்கவும் இல்லை. ஆனால் அந்தப் பத்து வரியையும் முழுதாகப் படித்தவனுக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். பக்கத்தில் நின்ற தந்தை, இரவு ஷிப்டிலே எத்தனையோ இரவு கண்விழித்த அந்தத் தோழர், மகன் தலையைத் தடவிக் கொடுத்தார்.

தோழர்களே, நாளை மாலை படிப்பகத்தைத் திறவுங்கள். பூட்டு செய்யும் சீமையிலே பிறந்தவர்கள் நாம். நம் பிள்ளைக்கு வேண்டிய சாவியை நாமே செய்வோம்!